டியூப் லைட் மஞ்சள்

சிகாகோவின் மேற்குப் புறநகரில் இருக்கும் நண்பன் பழைய பேக்-மேன் பெட்டி ஒன்று வாங்கினான். காசு போட்டு விளையாடும் ஆளுயர மரப்பெட்டி. ஜப்பானின் நாம்கோவிடம் உரிமம் பெற்று 1980இல் மிட்வே நிறுவனம் இதே வட்டாரத்தில்தான் அதைத் தயாரித்தது. பெட்டி நன்றாகவே ஓடியது. நெற்றியில் இருக்கும் பெயர்ப்பலகைதான் விரிசல் விட்டு, மை உதிர்ந்து கிடந்தது. மார்க்கீ என்கிறார்கள். பின்னால் டியூப் லைட் எரிந்தால்தான் அதற்கு உயிர்.

“புதுசா அச்சடிச்சுத் தர்ற பெரியவர் ஒருத்தர் இருக்கார். வர்றியாடா? உங்கப்பா தொழில்தானே” என்றான்.

அப்பா மதுரையில் கல்யாணப் பத்திரிகைக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் செய்தவர். பெரியவரின் கராஜுக்குள் நுழைந்ததும் முதலில் எதிர்கொண்டது அதே தின்னர் வாடை.

எழுபதைத் தாண்டியவர். காட்லீப், பேலி, வில்லியம்ஸ் எனப் பின்பால் எந்திரம் செய்தவர்களில் பெரிய தலைகள் எல்லாம் சிகாகோக்காரர்கள். அந்த எந்திரங்களின் கண்ணாடிக்கு வண்ணம் இழுக்கும் கடையில் இளவயதில் ஸ்க்வீஜி பிடித்திருக்கிறார். பழைய பலகையை ஸ்கேன் செய்து, கணினியில் ஒவ்வொரு கோடாகத் திரும்ப வரைவதைக் காட்டினார். இரண்டு வாரம் பிடிக்குமாம். பத்தாவது நிமிஷம் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

மெஷ் கட்டிய சட்டம், எமல்ஷன், பாசிட்டிவ் எல்லாம் அப்பாவிடம் பார்த்தவைதான். வரிசைதான் புதிது. அப்பா காகிதத்தில் வெளிர் நிறத்தை முதலில் இழுப்பார், கறுப்பு கடைசி. இவர் அக்ரிலிக் தகட்டின் முதுகில், இடவலம் மாற்றி, கறுப்பை முதலில் இறக்குகிறார். அதன்மேல் மற்ற வண்ணங்கள். எல்லாவற்றையும் மூடிக் கடைசியாக வெள்ளை. தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்திலும் கிருஷ்ணனின் கண்மையும் நகையும் முதலில், பின்னணி கடைசியில் என்று சொன்னேன்.

“பின்னால் விளக்கு வைப்பார்களா?”

“இல்லை.”

“அப்படியென்றால் அவர்களுக்கு வேலை சுலபம்.”

அந்த வெள்ளை மெல்லிசாக விழுந்தால் டியூப் லைட் ஒரு கோடாகத் தெரியும். கனத்துவிட்டால் பலகையே இருண்டுவிடும். ஒவ்வொரு பூச்சு காய்ந்ததும் மூலையில் இருந்த ஒரு பெட்டிக்குக் கொண்டுபோனார். பாழாய்ப்போன கேபினட் ஒன்றின் தலையை மட்டும் அறுத்து வைத்திருக்கிறார். உள்ளே பதினைந்து வாட் டியூப், ஒன்றரை அடி நீளம், பழைய சோக், ஸ்டார்ட்டர். மீதி நேரமெல்லாம் நான் அந்தப் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரணம் மஞ்சள். மேஜையில் முட்டைக்கரு நிறத்தில் இருந்த மாதிரித் தகடு, பெட்டியில் வைத்ததும் எலுமிச்சையாக வெளுத்தது. மேலிருந்து விழும் வெளிச்சம் மையைக் கடந்து, வெள்ளையில் பட்டுத் திரும்பி, மறுபடி மையைக் கடந்து கண்ணுக்கு வருகிறது. பின்னாலிருந்து வருவது ஒரே தடவைதான் கடக்கிறது. அதனால் பகலில் பார்த்தால் ‘இதென்ன அழுக்கு ஆரஞ்சு’ என்று தோன்றும் அளவுக்கு மையைக் கெட்டியாகக் கலக்கிறார். அசல் மஞ்சள் எதுவென்று எப்படித் தெரியும்? பழைய பலகையின் விளிம்பைக் காட்டினார். உலோகப் பட்டை மூடியிருந்த இடம். வெளிச்சமே படாமல் அரை விரல் அகலத்துக்கு 1980 அப்படியே இருந்தது.

இன்க்ஜெட்டில் அச்சடித்த பலகை ஒன்றையும் பெட்டியில் வைத்தார். கறுப்பு சாம்பலாகி வெளிச்சம் கசிந்தது. மஞ்சளில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. உற்றுப் பார்த்தால் அது இவருடைய பலகையின் ஸ்கேன். இவர் வரைந்தபோது நழுவிய ஒரு கோடு அதிலும் நழுவியிருந்தது. பாதி விலைக்கு விற்கிறார்களாம். பெட்டி வியாபாரிகளோ இவரிடம் வாங்கி நான்கு மடங்கு வைத்து வீட்டு பார்களுக்குத் தள்ளுகிறார்கள். எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது. பத்திரிகைக்கு ஐந்து பைசா குறை என்று திண்ணையில் உட்கார்ந்து பேரம் பேசி, அதே பத்திரிகையில் மாப்பிள்ளை வீட்டாரிடம் ஐம்பது பைசா அடித்த தரகர். ஸ்க்வீஜி பிடித்தவன் தோள் வலி உங்கள் கணக்கில் எந்தக் கட்டத்தில் வருகிறது என்று உலகத்துத் தரகர் அத்தனை பேரையும் கேட்கத் தொடங்கினேன். நண்பன் காலை மிதித்தான்.

பெரியவர் சிரித்தார். “நான் மட்டும் யாரைக் கேட்டு அடிக்கிறேன்?”

உண்மைதான். உரிமை கம்பெனியுடையது. வரைந்த கையின் பெயர் பலகையில் எங்குமே இல்லை. எனக்கு அதற்குமேல் பிரசங்கம் வரவில்லை.

கிளம்பும்போது நண்பனிடம் கேட்டார்: “உன் பெட்டியில் என்ன விளக்கு?”

“எல்இடி பட்டை.”

பேசாமல் குனிந்து மேஜைக்கடியிலிருந்து ஒரு டியூபை உருவினார். அங்கே பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தது. பாதரசம் இருப்பதால் வெர்மான்ட், கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் டியூப் லைட் விற்பனைக்குத் தடைச்சட்டம் கொண்டுவந்துவிட்டன. அவர் முன்கூட்டியே சேர்த்து வைக்கிறார். காசு நீட்டினோம். “இது விற்பனைக்கு இல்லை” என்று செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்.

வீட்டில் நண்பனுக்குப் பொறுக்கவில்லை. பலகையை மாட்டி எல்இடியையே போட்டான். எழுத்துக்குப் பின்னால் மணி மணியாக விளக்குகள் தெரிந்தன. மஞ்சள் ஜுரம் வந்த முகம்போல் இருந்தது. முனகிக்கொண்டே கழற்றி, சோக் வைத்து, டியூபை மாட்டினான். சுவிட்சைப் போட்டதும் ஒரு தடவை மினுக்கி அணைந்தது. மறுபடி மினுக்கியது.

எட்டு வயது மகள் எட்டிப் பார்த்தாள். “அப்பா, புதுசு வாங்கினதும் கெட்டுப்போச்சா?”

“இரும்மா” என்றான்.