பெயர் அட்டை

சாண்டா குரூஸ் மலையில், ரெட்வுட் மரங்களுக்கு நடுவே, பால்புதுமைப் பிள்ளைகளுக்கான கோடை முகாம். ஒரு வாரம் தன்னார்வலனாகப் போயிருந்தேன். தினமும் காலையில் வெற்றுப் பெயர் அட்டைகளையும் மார்க்கர்களையும் மேசையில் அடுக்குவது என் வேலை. பெயர், தன்னை எப்படிச் சுட்ட வேண்டும் இரண்டையும் அவரவரே எழுதிக்கொள்ளலாம். தினம் மாற்றலாம். யாரும் ஏன்னு கேக்கமாட்டாங்க. பதினான்கு வயதான ஒருவர் மூன்று நாளில் மூன்று பெயர் எழுதினார்.

"உங்க மொழியில என்னை எப்படிச் சொல்வீங்க?"

"அவர். ஆணா பெண்ணான்னு அதுல தெரியாது. மரியாதையான சொல்," என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"அப்போ அங்க எங்களை மரியாதையாத்தான் கூப்பிடுவாங்க, இல்ல?"

பதில் வரவில்லை. 2007இல் கல்லூரி விடுதியில், பக்கத்து அறைப் பையனை நாங்கள் ஓர் எண்ணால் கூப்பிட்டோம். ஒம்போது. அவன் நடை ஒன்றே எங்களுக்குப் போதுமாக இருந்தது. நானும் சிரித்தேன். இரண்டாம் வருடம் பாதியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

2018 செப்டம்பர் 6, 377ஆம் பிரிவு பற்றி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த அன்று அவனை ஃபேஸ்புக்கில் தேட உட்கார்ந்தேன். முழுப்பெயர் நினைவுக்கு வரவில்லை. அந்த எண்தான் வந்தது.

முகாமின் கடைசி நாள். அப்பாவின் கார் தெரிந்ததும் அவர் அட்டையைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"அடுத்த வருஷம் வரைக்கும் வச்சிருங்க."

வைத்திருக்கிறேன்.