கடைசி ஸஃப்பிலும் கேட்க வேண்டும்

சென்ற ஆண்டு நோன்புப் பெருநாள் தொழுகைக்கு, திடலின் ஒலிபெருக்கி ஏற்பாட்டை ஜமாஅத் நிர்வாகம் மதரஸா ஆசிரியர்களாகிய எங்களிடம் ஒப்படைத்திருந்தது. கூட்டம் பெரிது, ஆகவே பெட்டியும் பெரிதாக இருக்கட்டும் என்றெண்ணி, வாடகைக்குக் கிடைத்தவற்றுள் மிகப் பெரிய இரண்டை இமாமின் இரு பக்கமும் நிறுத்தினோம். பின்னால் பெண்கள் பகுதியில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டினோம்.

முன் ஸஃப்பில் இருந்த முதியவர்கள் காதைப் பொத்திக்கொண்டனர். பின் ஸஃப்களிலோ ஒவ்வொரு தக்பீரும் இருமுறை ஒலித்தது. கூடுதல் தக்பீர்களை எண்ணிக்கொண்டிருந்த பெண்களுக்குக் கணக்குத் தப்பிற்று. சிலர் முன்னதாகவே ருகூவுக்குக் குனிந்துவிட்டனர். தொழுகை முடிந்ததும் எங்கள் மாணவி ஒருத்தியின் பாட்டியார் வந்து, "ஹஜ்ரத், எங்க தொழுகை கூடுமா?" என்று கேட்டார். அறியாமல் நேர்ந்ததை அல்லாஹ் பொறுத்துக்கொள்வான் என ஆறுதல் கூறினோம். ஆயினும் அக்கேள்வி எங்களை உறுத்திக்கொண்டே இருந்தது.

மைக் செட் தொழிலில் அனுபவமிக்க ஒருவரிடம் கேட்டபோதுதான் எங்கள் பிழை விளங்கிற்று. திறந்த வெளியில் தொலைவு இருமடங்காகும்தோறும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். 10 மீட்டரில் 90 டெசிபலாக இருப்பது 80 மீட்டரில் 72 ஆகிவிடும். வாட்டை இருமடங்காக்கினாலோ கூடுவது 3 டெசிபல்தான். மேலும், ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டரே செல்லும். கம்பி வழி வந்த தக்பீர் பின்னாலுள்ள குழாயில் உடனே ஒலிக்க, முன்னாலுள்ள பெட்டியின் ஓசை 100 மீட்டர் கடந்து 0.3 நொடி தாமதித்து வந்து சேர்ந்திருக்கிறது.

இவ்வாண்டு முன்னால் நடுத்தரப் பெட்டிகளையே வைத்தோம். திடலின் நடுவிலும் பின்னாலும் சிறிய பெட்டிகளை நிறுத்தி, தொலைவைக் கணக்கிட்டு அவற்றின் ஒலியைக் கருவி மூலம் தாமதப்படுத்தினோம். எதுவும் அக்கம்பக்கத்து வீடுகளை நோக்கி இராதவாறு திருப்பினோம். காவல்துறையிடம் எழுத்து மூலம் அனுமதியும் பெற்றோம். மின்சாரம் தடைப்பட்டால் தக்பீரை எடுத்துச் சொல்ல ஸஃப்களின் இடையே முகப்பிர்களை நியமித்தோம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நோயுற்றிருந்தபோது அபூபக்ர் (ரலி) அவர்கள் தக்பீரை மக்களுக்குக் கேட்கச் செய்த வழிமுறையன்றோ அது!

பெருநாளுக்கு முந்தைய நாள் ஒருவர் குத்பாவை நிதானமாக வாசிக்க, அதே பாட்டியாரைக் கடைசி ஸஃப்பின் இடத்தில் அமர்த்திக் கேட்கச் செய்தோம். கேட்கவில்லை என்பாரோ என்று அஞ்சியிருந்த எங்களிடம் அவர் சொன்னார்: "நல்லா வெளங்குது ஹஜ்ரத். இன்னும் கொஞ்சம் கொறைச்சாலும் போதும்."

தொழுகையில் குரலை மிக உயர்த்தவும் வேண்டாம், மிகத் தாழ்த்தவும் வேண்டாம்; இரண்டுக்கும் இடைப்பட்ட வழியைத் தேடுமாறு சூரா அல்இஸ்ராவின் 110ஆம் வசனம் நமக்குக் கற்பிக்கிறது. அதைப் பல்லாண்டுகளாகப் பாடம் நடத்தி வந்த நாங்கள், ஒலிபெருக்கியின் திருகைத் தொடும்போது மறந்திருந்தோம். அந்த நடுவழியில் நம் அனைவரையும் அல்லாஹ் நிலைக்கச் செய்வானாக. ஆமீன்.