ஐஸ் வை

அந்தப் பெண் என்னை நம்பியதற்குக் காரணம் நான் தமிழ் பேசியதுதான். ஹைதராபாத்தில் ஒரு தோல் கிளினிக்கில் ஆறு வருடம் கவுன்சலர் வேலை பார்த்தேன். கவுன்சலர் என்றதும் பெரிய படிப்பு என்று நினைக்க வேண்டாம். வருகிறவர்களை உட்காரவைத்துப் பேக்கேஜ் விற்பதுதான் வேலை. அவள் பத்மாராவ் நகரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். நிச்சயதார்த்தத்துக்கு முன் மேல் உதடு கொஞ்சம் எடுப்பாக வேண்டும் என்று வந்தாள்.

"ஒரு எம்.எல்.தாம்மா, டீஸ்பூன்ல அஞ்சுல ஒரு பங்கு. நம்ம உடம்புலயே இருக்கற பொருள்" என்றேன். ஹயலுரானிக் அமிலத்தைத்தான் சொன்னேன், பொய்யில்லை. 1934-ல் அதை முதன்முதலாக மாட்டுக் கண்ணிலிருந்து பிரித்தெடுத்தார்கள் என்பதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை, வியாபாரம் கெடும். நடிகை ரைசா வில்சன் 2021-ல் கண்ணுக்குக் கீழே வீங்கிய முகத்தோடு போட்ட படத்தைப் போனில் காட்டினாள். "அது கண்ணு, இது உதடு. அமெரிக்காவே 2011-ல உதட்டுக்கு அனுமதி கொடுத்தாச்சு" என்று வாயை அடைத்தேன். அனுமதித்த அதே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2015-ல், மருந்து ரத்தக்குழாய்க்குள் போனால் திசு செத்துப்போகலாம், பார்வை போகலாம், பக்கவாதம்கூட வரலாம் என்று எச்சரித்திருந்தது. ஒப்புதல் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் இதெல்லாம் இருந்தது. அந்தப் பக்கத்தைக் கையெழுத்துக்காக மட்டும்தான் திருப்புவேன்.

ஊசி போட்ட சனிக்கிழமை இரவு 9.40-க்குக் கூப்பிட்டாள். "அக்கா, உதட்டு ஓரம் வெள்ளையா இருக்கு. மூக்குக்குக் கீழ வலை மாதிரி கோடு கோடா வருது. வலி தாங்கல."

வெளுப்பு, வலைக்கோடு, தாங்காத வலி. மூன்றும் சேர்ந்தால் ஊசியில் போட்ட ஜெல் ரத்தக்குழாயை அடைத்துவிட்டதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். உடனே வரவழைத்து, ஜெல்லைக் கரைக்கும் ஹயலுரோனிடேஸ் ஊசி போட வேண்டும். வெதுவெதுப்பான ஒத்தடம் சரி, ஐஸ் ஆகாது; ரத்தம் ஓடாத குழாயை அது இன்னும் சுருக்கும். இதெல்லாம் பிற்பாடுதான் படித்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் டாக்டர் எங்களுக்குப் படம் போட்டே காட்டியிருந்தார். வலை என்றதும் அந்தப் படம் ஞாபகத்துக்கு வந்தது. ராத்திரியில் டாக்டரைக் கூப்பிட்டால் திட்டு விழும் என்பதும் கூடவே வந்தது.

"வீக்கம்தாம்மா, ஐஸ் வை. திங்கக்கிழமை பாக்கலாம்" என்றேன். அன்றைக்கு நன்றாகவே தூங்கினேன்.

ஞாயிறு மதியமே அம்மாவோடு வந்துவிட்டாள். உதடு கருநீலமாக இருந்தது. டாக்டர் ஓடி வந்து, மணிக்கொரு தரம் கரைக்கும் ஊசி போட்டார். முழுசாக மீளவில்லை; மேல் உதட்டில் எலி கடித்த மாதிரி ஒரு பள்ளம் நின்றுவிட்டது.

"எப்ப சொன்னாங்க?" என்று என்னைக் கேட்டார்.

"இப்பதான் சார்."

அவள் என்னைப் பார்த்தாள். வீங்கிய உதட்டை அசைத்துப் பேச அவளால் முடியவில்லை.

சில மாதம் கழித்து, 2024 பிப்ரவரியில், சிரிப்பைச் சீராக்க ஜூபிலி ஹில்ஸில் ஒரு பல் கிளினிக்குக்குப் போன, கல்யாணம் நிச்சயமான 28 வயது இளைஞர் இறந்துபோனார். மயக்க மருந்து அதிகமாகிவிட்டது என்று அவருடைய அப்பா குற்றம்சாட்டினார். எங்கள் கிளினிக்கில் இரண்டு நாள் அதே பேச்சு. எல்லோரையும்விட அதிகமாகக் கொதித்தவள் நான்தான்.

வேலையை விட்ட அன்று, கிளினிக் போனைத் திருப்பிக் கொடுக்கும் முன் பழைய அழைப்புகளைத் தேடினேன். 9.40, நான்கு நிமிடம். அதை அழித்தேன்.

அவள் போனில் அது இருக்கும்.