நான் மூடி மறைத்த காலிக் கட்டங்கள்

நிலத்தடி நீர்மட்டத்தைக் காட்டும் வரைபடம் ஒன்றை நான் பொய்யாக வரைந்தேன். அதில் ஒரு எண்ணைக்கூட நான் மாற்றவில்லை. அட்டவணையில் சில கட்டங்கள் காலியாகக் கிடந்தன. ஏன் காலி என்ற சந்தேகம் அப்போதே எனக்கு வந்தது. வந்த பிறகும் அவற்றின் மேல் கோடு இழுத்து மூடினேன். அந்தக் கோட்டை நம்பி என் தாய்மாமா போர் போட்டார். இந்த விஷயத்தை அவரிடம் நான் இதுவரை சொல்லவில்லை.

சங்கரன்கோவில் பக்கம் தண்ணீர் என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். மேற்கே பார்த்தால் மலை தெரியும். ஆனியிலும் ஆடியிலும் குற்றாலத்தில் சாரல் அடிக்கும்; எங்களுக்குக் காற்று மட்டும் வரும். காற்றாலைகள் சுழலும், மண் நனையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் பெருகினால்தான் கிணற்றில் ஊற்று எடுக்கும். அடியில் கிடப்பது கெட்டிப்பாறை. அதன் மேலே உளுத்துப்போன பகுதியிலும், கீழே உள்ள வெடிப்புகளிலும்தான் தண்ணீர் தங்கும். வெடிப்பில் பட்டால் தண்ணீர். கொஞ்சம் தள்ளி இறக்கினால் புகை. வீட்டு நகையை அடகு வைத்துப் போர்வண்டியைக் கூப்பிட்டவருக்கு இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வாழ்க்கையே இருக்கிறது.

இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டுதான் இந்தியா-டபிள்யூஆர்ஐஎஸ் என்ற மத்திய அரசின் நீர்வளத் தகவல் தளத்தைப் பார்க்கத் தொடங்கினேன். மாநிலம், மாவட்டம், காலம் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தால் கண்காணிப்புக் கிணறுகள் புள்ளி புள்ளியாக வரும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை, அதாவது ஜனவரியிலும் கோடையிலும் ஆகஸ்டிலும் நவம்பரிலும், கிணறுகளை அளக்கிறது. அந்த அளவுகளை வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம், எடுத்து வைத்துக்கொள்ளலாம், வரைபடமாகவும் போடலாம். எழுத்தும் எண்ணும் தெரிந்த எவருக்கும் இது பெரிய வரம். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். குற்றம் என்னுடையது.

அந்த எண்கள் தரையிலிருந்து தண்ணீர் எத்தனை மீட்டர் கீழே கிடக்கிறது என்பதைக் காட்டுபவை. எண் கூடினால் நீர்மட்டம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். இதை நான் சரியாகவே புரிந்துவைத்திருந்தேன். எங்கள் ஊரைச் சுற்றியுள்ள கிணறுகளின் அளவுகளை எக்செல்லில் போட்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சராசரி எடுத்தேன். கோடு அழகாக வந்தது. 2016-இன் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டை அடியோடு கைவிட்டது. 440 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய இடத்தில் 168 மில்லிமீட்டர்தான் பெய்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. அந்தக் கோடையிலும் என் கோடு பெரிதாக இறங்கவில்லை. ஒரு பருவத்தில் சற்று ஏறவும் செய்தது.

அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும். காலிக் கட்டங்கள் பெரும்பாலும் அந்த ஆண்டில்தான் இருந்தன. கிணறு வற்றினால் அளக்கத் தண்ணீர் கிடையாது, கட்டம் காலியாகிவிடும். சராசரி போடும்போது எக்செல் காலிக் கட்டத்தைக் கணக்கில் சேர்க்காது. விளங்குவதற்காக ஒரு கணக்கு சொல்கிறேன். ஐந்து கிணறுகளில் தண்ணீர் 6, 7, 8, 12, 14 மீட்டரில் கிடந்தால் சராசரி 9.4. மழை பொய்த்து எல்லாக் கிணறுகளும் இரண்டு மீட்டர் இறங்குகின்றன. கடைசி இரண்டும் வற்றிவிடுகின்றன. மிஞ்சியவை 8, 9, 10, சராசரி 9. ஒவ்வொரு கிணறும் இறங்கியிருக்கிறது, இரண்டு செத்தே போய்விட்டன, ஆனால் சராசரியோ தண்ணீர் ஏறிவிட்டதாகச் சொல்கிறது. அதிகம் அடிபட்ட கிணறுதான் கணக்கிலிருந்து முதலில் விழுகிறது.

இந்தக் கணக்கை அன்றைக்கு நான் முழுதாகப் போட்டுப் பார்க்கவில்லை. ஆனால் மனசு உறுத்தியது. கிணறு கிணறாகத் தனிக் கோடு போட்டபோது நடுநடுவே அறுந்து அறுந்து வந்தது. எக்செல்லில் விடுபட்ட இடங்களைக் கோட்டால் இணைக்க ஒரு வசதி உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தேன். அறுந்த இடமெல்லாம் ஒட்டிக்கொண்டது. வறட்சிக்கு முந்தைய மழைக்காலத்திலிருந்து பிந்தைய மழைக்காலத்துக்கு ஒரே நேர்கோடு. நடுவில் இருந்த கோடை காணாமல் போனது. பார்க்கிறவர்கள் மெச்ச வேண்டும் என்ற ஆசைதான் காரணம். வேறு சாக்கு என்னிடம் இல்லை.

படத்தை வாட்ஸ்அப்பில் போட்டேன். பலர் பாராட்டினார்கள். மாமா நேரிலேயே வந்தார்.

“மருமவனே, நம்ம பக்கம் தண்ணி கெடக்குன்னு இது சொல்லுதா?”

“2017 வறட்சியிலயே பெருசா இறங்கல, மாமா. தைரியமாப் போடுங்க” என்றேன்.

கிணறுகளின் அளவை வைத்து ஒரு தோட்டத்துப் பாறை வெடிப்பைப் பற்றிப் பேசக் கூடாது என்று எனக்குத் தெரியும். அதையும் சொல்லவில்லை. போர்வண்டி வந்தது. இறக்க இறக்கப் புகைதான் வந்தது. நடுவதற்கு வாங்கி வைத்திருந்த எலுமிச்சைக் கன்றுகளை மாமா இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார். “எந்தலையெழுத்து, நீ என்ன செய்வ” என்று என்னையே தேற்றினார். நான் தலையாட்டினேன். படம் வரைந்ததைவிட அந்தத் தலையாட்டல்தான் பெரிய குற்றம் என்று இப்போது படுகிறது.

பிறகு ஒருநாள், அட்டவணையில் காலி விழுந்திருந்த ஒரு கிணற்றைத் தேடிப் போனேன். உட்சுவரில் தண்ணீர் நின்ற கறை வளையம் வளையமாக இருந்தது. பக்கத்து வயலில் நின்ற பெரியவர், “மழ பொய்ச்ச வருசம் இதுல பொட்டுத் தண்ணி கெடையாது. அளக்க வந்தவுக எட்டிப் பாத்துட்டுப் போயிட்டாக” என்றார். என் அட்டவணையின் காலிக் கட்டம் அதுதான். அங்கே அளவு விடுபடவில்லை. தண்ணீர் இல்லை என்ற செய்தியைத்தான் நான் கோடு போட்டு அழித்திருக்கிறேன்.

இப்போது கிணறுகளைக் கூட்டிச் சராசரி எடுப்பதில்லை. ஒவ்வொன்றையும் தனியாக வரைகிறேன். அறுந்த கோட்டை அறுந்தபடியே விடுகிறேன். விசாரித்ததில் வற்றியது உறுதியானால் கிணற்றின் அடி ஆழத்தில் ஒரு சிவப்புக் குறி வைத்து, தண்ணீர் இதற்கும் கீழே என்று எழுதுகிறேன். ஏன் காலி என்று தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதுகிறேன். படம் பார்க்க அழகாக இல்லை. 2017 கோடையில் எங்கள் ஊர் பட்டது அதில் தெரிகிறது.

மாமா, இதை நீங்கள் படிப்பீர்கள், அல்லது யாராவது படித்துக் காட்டுவார்கள். அதற்கு முன்பே நேரில் வந்து சொல்லிவிடுகிறேன். போர் பொய்த்தது பாறையின் குணமாக இருக்கலாம். ஆனால் உங்களை அந்தச் செலவில் இறக்கியது என் கோடு. அதற்காக நீங்கள் வாங்கிய கடனில் என் பங்கை நான் அடைக்கிறேன். அந்தப் படத்தை இன்னும் போனில் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள். அதை நம்பி யாரும் போர் போட வேண்டாம்.