சேலைக்குள்ள ஒரு முகம்

அம்மாவுக்குக் கோ-ஆப்டெக்ஸ்ல காஞ்சிப் பருத்திச் சேலை ஒண்ணு எடுத்தேன்.
வீட்டுக்கு வந்து பிரிச்சா, மடிப்புக்குள்ள ஒரு சின்ன அட்டை.
நெய்தவரோட பேரு, போட்டோ.

அம்மா சேலையை விட்டுட்டு அந்தப் போட்டோவையே பார்த்துட்டு இருந்தாங்க.
"கண்ணாடி போட்டிருக்காரு பாரு. கண்ணு போயிருக்கும், பாவம்"னாங்க.

எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு.
இத்தனை வருஷமா எத்தனை துணி வாங்கியிருப்போம். ஒரு முகமாவது தெரியுமா?

கோ-ஆப்டெக்ஸ் 1935-ல ஆரம்பிச்ச கூட்டுறவு. நெசவாளர் சங்கங்கள் நெய்யுறதை வாங்கி விக்குது.
அதுக்கும் முன்னாடி, 1904-லயே திருவல்லிக்கேணில கூட்டுறவு பண்டகசாலை வந்திருச்சு.
அதுக்கெல்லாம் மூத்தது இங்கிலாந்து ராச்டேல். 1844-ல 28 பேர் சேர்ந்து தொடங்குன கடை. அதுலயும் நெசவாளிங்க இருந்தாங்க!
வித்தது என்ன? மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ், மெழுகுவத்தி.
கலப்படம் இல்லாம, சரியான எடையில.
வந்த லாபத்தை, அவங்கவங்க வாங்குன அளவுக்குப் பிரிச்சுக் குடுத்தாங்க.

அம்மா அந்த அட்டையைச் சாமி அலமாரில வெச்சுட்டாங்க.

இப்போ சமையக்கட்டுல நிக்கிறேன். துவரம்பருப்பு, டீத்தூள், வெல்லம்...
இதுல எதுக்குள்ளயாவது ஒரு முகம் இருந்தா, நான் வாங்குற விதம் மாறுமா?
உங்களுக்கு?