நான் காட்டிய மஞ்சள் அட்டை

திருவக்கரை பஸ் நிறுத்தத்து டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, முகம் தெரியாத ஓர் இத்தாலிய நடுவரை நான் பல நாள் வறுத்தெடுத்திருக்கிறேன். 2017 ஏப்ரல் 30 அன்று காலியாரி நகரில் நடந்த கால்பந்து ஆட்டம் அது. பெஸ்காரா அணிக்கு ஆடிய கானா நாட்டு சுலே முன்டாரியைக் கூட்டத்தில் சிலர் நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தினார்கள். அந்தக் கும்பலில் அப்பா அம்மாவோடு நின்ற ஒரு சின்னப் பையனிடம் போய், இப்படிச் செய்யக் கூடாது என்று புத்தி சொல்லித் தன் ஜெர்சியையே கொடுத்தார் முன்டாரி. அதற்குப் பிறகும் வேறு பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் நடுவரிடம் முறையிட்டார். நடுவர் மஞ்சள் அட்டையை எடுத்து அவருக்கே காட்டினார். முன்டாரி கூட்டத்தைப் பார்த்துத் தன் கைத்தோலைத் தொட்டுக் காட்டி, இதுதான் என் நிறம் என்று கத்திவிட்டு மைதானத்தை விட்டே வெளியேறினார். அதற்கு இன்னோர் அட்டை, ஓர் ஆட்டத் தடை.

"இவனுக்கெல்லாம் விசிலைக் கையில கொடுத்தது யாரு?" என்று கேட்பேன். நானும் ரெஃப்ரி என்பதால் கடையில் இருந்தவர்கள் என் பேச்சை மதித்துக் கேட்டார்கள்.

அடுத்து வந்த காணும் பொங்கலன்று அதே அட்டையை நான் காட்டினேன்.

முன்டாரி எனக்கு ஏதோ பேப்பரில் படித்த பெயரில்லை. நானும் நடுக்களத்தில் ஆடியவன், அவரைப் போலவே இடது கால்காரன். கானாவில் கொனோங்கோ என்ற ஊரில் 1984இல் பிறந்து, 18 வயதில் உதினேசே அணிக்காக இத்தாலியின் முதல் பிரிவில் இறங்கியவர். 2008இல் போர்ட்ஸ்மவுத் அணிக்காக மான்செஸ்டர் யுனைடெட்டின் சொந்த மைதானத்திலேயே பெனால்டி அடித்து ஜெயிக்க வைத்தார். அந்த வருடம் எஃப்.ஏ. கோப்பை போர்ட்ஸ்மவுத்துக்குத்தான் போனது. 2010இல் ஐரோப்பாவின் பெரிய கோப்பை உட்பட மூன்று பட்டங்களை வென்ற இன்டர் மிலான் அணியில் இருந்தார். அதே வருட உலகக் கோப்பைக் காலிறுதியில், நம்மூர் நேரத்துக்கு நடுராத்திரியில் தொடங்கிய ஆட்டத்தில், உருகுவேக்கு எதிராக இடைவேளைக்குச் சற்று முன் வெகு தூரத்திலிருந்து அவர் அடித்த பந்து கோல்கீப்பரை ஏமாற்றி உள்ளே போனது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டில் விளக்குப் போட்டார்கள். கடைசியில் உருகுவேயின் சுவாரெஸ் கோல் கோட்டில் கையால் பந்தைத் தடுத்ததும், கானாவின் கியான் அடித்த பெனால்டி மேல் கம்பத்தில் பட்டுப் போனதும், கானா தோற்றதும் எல்லோருக்கும் தெரிந்த கதை.

நடுவர்கள் முன்டாரிக்குச் செய்தது இன்னொன்றும் உண்டு. 2012 பிப்ரவரி 25, ஏ.சி. மிலானுக்கும் ஜுவென்டஸுக்கும் ஆட்டம். முன்டாரி தலையால் முட்டிய பந்து கோட்டைத் தாண்டி நன்றாகவே உள்ளே போன பிறகுதான் ஜுவென்டஸ் கோல்கீப்பர் புஃபோன் அதை வெளியே தள்ளினார். கோல் கொடுக்கவில்லை. ஆட்டம் 1-1 என முடிந்தது, அந்த வருடப் பட்டம் ஜுவென்டஸுக்குப் போனது. முன்டாரி சாதுவும் இல்லை. 2014 உலகக் கோப்பையில் சொந்த நாட்டு அதிகாரி ஒருவரைத் தாக்கினார் என்று கானா அணியே அவரைத் திருப்பி அனுப்பியது.

காணும் பொங்கல் ஆட்டம் வானூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில். அறுவடை முடிந்த வயலைச் சமப்படுத்தி, சவுக்குக் கம்பு நட்டு, சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டிருந்தார்கள். புதுச்சேரியிலிருந்து வந்த அணியில் நைஜீரியாவிலிருந்து வந்து காலேஜில் படிக்கிற ஒரு பையன் ஒன்பதாம் எண் ஜெர்சியில் ஆடினான். முதல் பாதியிலேயே இரண்டு கோல். அப்புறம்தான் குரங்குச் சத்தம் ஆரம்பித்தது. மைக் பிடித்தவர் எனக்குப் பங்காளி முறை. அவரும் "காட்டுலேர்ந்து வந்த சிங்கம்" என்று எடுத்துக் கொடுக்க, கூட்டம் விசிலடித்தது. குவாரியிலும் கிரஷரிலும் வெயிலில் காய்கிறவர்கள் நாங்கள். அந்தப் பையனுக்கும் எங்களுக்கும் நிறத்தில் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை.

கார்னர் எடுக்கப் போனபோது அவன் மேல் மோர் பாக்கெட் ஒன்று வந்து விழுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தான். இவர்கள் சொல்வது உங்களுக்குக் கேட்கிறதா, இல்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டான். எனக்குக் கேட்டது. ஆடு, ஆடு என்று கை காட்டினேன். அவன் நகரவில்லை. மறுபடியும் கேட்டான், குரல் கொஞ்சம் உயர்ந்தது. நான் சட்டைப் பையில் கைவிட்டு அட்டையை எடுத்தேன். கூட்டம் ஆர்ப்பரித்தது. என் வாழ்க்கையில் ஒரு முடிவுக்காக அவ்வளவு கைதட்டல் நான் வாங்கியதில்லை. அந்த ஒரு நிமிடம் எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சட்டம் தெரியாமல் செய்தேன் என்று தப்பிக்க முடியாது. வெளியிலிருந்து வரும் தொந்தரவுக்காக ஆட்டத்தை நிறுத்தவும், கைவிடவும் நடுவருக்கு உரிமை உண்டு என்று ஐந்தாம் விதி சொல்கிறது. இன இழிவுக்கு என்றே முதலில் நிறுத்து, பிறகு தள்ளி வை, அடங்காவிட்டால் கைவிடு என்று ஃபிஃபா மூன்று படி வகுத்திருக்கிறது. எல்லாம் எனக்கு மனப்பாடம். நிறுத்தினால் கூட்டம் என் மேல் திரும்பும், விழாக் குழு அடுத்த வருடம் கூப்பிடாது, பங்காளியோடு மனஸ்தாபம் வரும் என்று பயந்தேன். அந்த மைதானத்தில் ஆளில்லாதவன் அந்தப் பையன் ஒருவன்தான். அவனை அதட்டுவது சுலபமாக இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் அவன் அணிக் கேப்டன் வந்து, "சார், நீங்களே இப்படிப் பண்ணலாமா?" என்றார். "பத்துப் பேர் கத்தினா ஊரே கத்தின மாதிரியா தம்பி?" என்று திருப்பிக் கேட்டேன். காலியாரி கிளப்புக்குத் தண்டனை இல்லை என்று சொன்னபோது இத்தாலிய ஒழுங்குக் குழு போட்ட கணக்கும் இதேதான்: பத்துப் பேர், ரசிகர்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. டீக்கடையில் அந்தக் கணக்கைக் காறித் துப்பியவன் நான். ரிப்போர்ட்டில் "எண் 9, நடுவரிடம் வாக்குவாதம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கத்தியவர்களில் என் பையன்கள் மூன்று நான்கு பேர் இருந்தார்கள். நான் ஒரு பள்ளியில் பி.டி. வாத்தியார். என் அணியில் நிறம் கூடின ஒரு பையனை "ஏய் ஆப்பிரிக்கா, ஓடுடா" என்று வருடக்கணக்காகக் கூப்பிட்டது நான்தான். செல்லமாகத்தான் கூப்பிட்டேன், அவனும் சிரிப்பான். அவன் எதற்குச் சிரித்தான் என்று நான் யோசித்ததே இல்லை. மைதானத்தில் அந்தச் சத்தம் கேட்டபோது அதில் என் குரலும் இருந்தது எனக்கு உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது. இப்போது அவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். அவனிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

முன்டாரிக்காக உலகமே பேசியது. ஆட்டக்காரர்களின் சர்வதேசச் சங்கமும், ஐ.நா. மனித உரிமை ஆணையரும் குரல் கொடுத்தார்கள். ஒரு வாரத்துக்குள் தடை ரத்தானது. நான் அட்டை காட்டிய பையனுக்காக யாரும் மேல்முறையீடு செய்யவில்லை. அவன் மீதி ஆட்டம் முழுக்க ஆடினான். பந்து வந்தால் உடனே பாஸ் கொடுத்துவிட்டு, கூட்டம் நிற்கிற ஓரத்துக்கே போகாமல் ஆடினான். அவன் அணி ஜெயித்தது. கோப்பையோடு போட்டோ எடுத்தபோது அவன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

அதன் பிறகும் அவன் புதுச்சேரியில்தான் படித்தான். நான் அடிக்கடி புதுச்சேரி போய் வருகிறவன். அவன் காலேஜ் வாசலைத் தாண்டித்தான் பஸ் போகும். ஒரு முறைகூட இறங்கவில்லை. அவனைப் பார்த்தால் என்ன சொல்வது என்று தயார் செய்வேன், ஸ்டாப்பிங் வந்ததும் போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். போன வருடம் திண்டிவனத்தில் அந்தக் கேப்டனைத் தற்செயலாகப் பார்த்தேன். அவன் படிப்பை முடித்து ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார். "இப்பவும் வாட்ஸ்அப்ல பேசுவான் சார், நம்பர் வேணுமா?" என்றார். அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். இதுவரை வாங்கவில்லை.