கோர்டோபாவின் நாழிகைகள்

மாட்ரிட்டிலிருந்து செவில்லாவுக்குப் போகும் அதிவேக ரயில் 1992-ல் ஓடத் தொடங்கியபோது, வழியிலுள்ள கோர்டோபா என்னும் புராதன நகரத்துக்குப் பெரிய சௌகரியம் வந்ததோடு ஒரு சிறிய தௌர்பாக்கியமும் கூடவே வந்து சேர்ந்தது. செவில்லாவிலிருந்து முக்கால் மணி நேரத்தில் வந்து இறங்கிவிடலாம் என்பதால், பிரயாணிகளில் பெரும்பாலோர் காலைப் பலகாரத்தை அங்கே சாவகாசமாக முடித்துக்கொண்டு, வெயில் ஏறும் வேளையில் இங்கே வந்து, பெரிய மசூதியையும் பூந்தொட்டிகள் தொங்கும் ஒரு சந்தையும் பார்த்துவிட்டு, வியர்க்க விறுவிறுக்க மாலை ரயிலைப் பிடித்துவிடுகிறார்கள். அவர்கள் வரும் சமயத்தில் ஊர் ஜனங்கள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். ஜனங்கள் வெளியே வரும் சமயத்தில் இவர்கள் ஊரைவிட்டே போய்விடுகிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் சேர எனக்கு விருப்பமில்லாததால், பழைய அரண்மனைக் கோட்டையை ஒட்டிய சான் பசீலியோ என்னும் குடியிருப்பில், முற்றம் வைத்த ஒரு வீட்டின் மேல்தளத்தில் அறை பிடித்துத் தங்கினேன். வீட்டுக்கார அம்மாள் எழுபது வயதைத் தாண்டியவர். சாவியைக் கையில் கொடுத்தபோது, எதை எதைப் பார்க்க வேண்டும் என்று என்னுடைய அரைகுறை ஸ்பானிஷில் கேட்டேன். அவர் அந்தக் கேள்வியை லட்சியம் செய்யவில்லை. “மூன்று மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவே வெளியே போகாதீர்கள் ஐயா, போவதென்றால் உங்கள் ஊர் விலாசத்தை எழுதி வைத்துவிட்டுப் போங்கள்” என்றார். மே மாதத்தின் கடைசி வாரம் அது. வேடிக்கையாகச் சொன்னார் என்றாலும் விஷயம் வேடிக்கையல்ல. 2021 ஆகஸ்டில் இந்நகரத்து விமான நிலையத்தில் 46.9 பாகை வெப்பமும், இதே மாகாணத்து லா ரம்ப்லாவில் 47.6 பாகையும் பதிவாயின.

கடிகாரமும் இங்கே சூரியனுக்குக் கட்டுப்பட்டதல்ல. 1940-ல் ஸ்பெயின் தேசம் தன் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி மத்திய ஐரோப்பிய நேரத்தோடு சேர்த்துக்கொண்டது. கோடைகாலத்தில் இன்னும் ஒரு மணி கூடுகிறது. ஆகவே சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் இரண்டே கால் காட்டுகிறது. அஸ்தமனமாகும்போது இரவு ஒன்பதரை ஆகிவிடுகிறது. மூன்று மணிக்கு மதிய போஜனம், பத்து மணிக்கு ராப்போஜனம் என்பதைக் கேட்டு அந்நியர்கள் இவர்களைச் சோம்பேறிகள் என்று எண்ணிக்கொள்வது நியாயமில்லை என்பது என் அபிப்பிராயம்.

பெரிய மசூதி இன்று கத்தோலிக்கர்களின் பிரதானக் கோயிலாக இருந்து வருகிறது. ஞாயிறு நீங்கலாக மற்ற நாட்களில் காலை எட்டரை முதல் ஒன்பதரை வரை அதற்குள் கட்டணமின்றிப் போகலாம். கூட்டங்களை நடத்திக்கொண்டு வரும் வழிகாட்டிகளுக்கு அந்த நேரத்தில் இடமில்லை. முதலாம் அப்துர் ரஹ்மான் 785 வாக்கில் தொடங்கி, அவருக்குப் பின் வந்தவர்கள் இரண்டு நூற்றாண்டுகளில் மூன்று முறை விஸ்தரித்த அந்த மண்டபத்தில் இன்று 856 தூண்கள் நிற்கின்றன. எண்ணிக்கையைவிட என்னைக் கவர்ந்தது வேறு. ஆதி பாகத்துத் தூண்கள் இதற்கென்று செதுக்கப்பட்டவையல்ல. ரோமானியர்களும் விசிகோத்தியர்களும் கட்டி, பிறகு பாழாய்ப்போன கட்டடங்களிலிருந்து கொண்டுவந்தவை. ஒன்று கறுப்பு, அடுத்தது ரோஜா நிறம், அதற்கடுத்தது சாம்பல். குட்டையானதற்கு அடியில் பீடம் வைத்தும், நெட்டையானதைத் தரைக்குள் இறக்கியும் சமன் செய்திருக்கிறார்கள். அப்படியும் கூரைக்கு வேண்டிய உயரம் கிட்டாததால், லாட வடிவமான வளைவு ஒன்றும் அதன் தலைக்கு மேல் அரைவட்டமான வளைவு ஒன்றுமாக இரண்டு அடுக்கு எழுப்பி, சிவந்த செங்கல்லையும் வெளிறிய கல்லையும் மாற்றி மாற்றி அடுக்கினார்கள். இல்லாமையிலிருந்து பிறந்த இந்த உபாயமே உலகம் வந்து வியக்கும் அழகாகிவிட்டது. கிழக்கே, ராஜ்யத்தின் முதல் மந்திரியான அல்மன்ஸூர் 987-ல் சேர்க்கத் தொடங்கிய பாகத்தில் நின்று வளைவுகளை உற்றுப் பார்த்தால், அங்கே செங்கல் இல்லை. வெறும் கல்லின்மேல் சிவப்பு வர்ணம் பூசிக் கோடு காட்டியிருக்கிறார்கள். தூரத்துப் பார்வைக்கு இரண்டும் ஒன்றே. கிட்டத்துப் பார்வைக்கு ஒரு ராஜ்யத்தின் அவசரம் தெரிகிறது.

1236-ல் மூன்றாம் ஃபெர்னாண்டோ நகரைக் கைப்பற்றியபின் மசூதி கிறிஸ்தவ ஆலயமாயிற்று. ஆயினும் ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகள் கட்டடத்தில் பெரிய சேதமில்லை. 1523-ல் மேற்றிராணியாரும் குருமாரும் நட்டநடுவே தூண்களை அகற்றிவிட்டு உயர்ந்த கோயில் ஒன்றைக் கட்ட முனைந்தபோது, எதிர்த்து நின்றவர்கள் கிறிஸ்தவர்களான இந்நகரத்து மன்றத்தாரே. இடிப்பு வேலையில் கை வைக்கும் தொழிலாளிக்கு மரண தண்டனை என்று பறைசாற்றவும் செய்தார்கள். வழக்கு ஐந்தாம் சார்லஸ் சக்கரவர்த்தியிடம் போய், குருமார் பக்கமே தீர்ப்பாயிற்று. ஆனால் தோற்றுப்போன மன்றத்தாரின் சுபாவம் ஊரில் இன்னும் மீந்திருக்கிறது என்றே தோன்றுகிறது. வெளியே ஆரஞ்சு மரங்கள் நிரைநிரையாக நிற்கும் பிராகாரத்தில், காய்கறி வண்டியை இழுத்துக்கொண்டு குறுக்கு வழியாகப் போகும் கிழவிகளும், தண்ணீர்த் தொட்டியருகே செய்தித்தாள் படிக்கும் கிழவர்களும் அந்த மகா ஸ்தலத்தைத் தங்கள் வீட்டுத் திண்ணைபோலப் பாவித்துக்கொண்டிருந்தார்கள்.

காலை ஆகாரம் கொர்ரேதேரா சதுக்கத்து அங்காடியின் அருகே. பதினேழாம் நூற்றாண்டில் எழுந்த வளைவுத் தாழ்வாரங்கள் நாற்புறமும் சூழ்ந்த அந்த விசாலமான இடத்தில் முன்பு காளைச் சண்டைகள் நடந்தன. இப்போது ரொட்டியை வாட்டி, அதன்மேல் ஆலிவ் எண்ணெய் ஊற்றி, மசித்த தக்காளி தடவித் தருகிறார்கள். பதினொரு மணிக்குள் வீடு திரும்பிவிடுவது உத்தமம்.

வீட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தெருவைப் பார்த்த முகப்பில் வெறும் வெள்ளைச் சுவரும் ஒரு கதவும்தான், ஐசுவரியமெல்லாம் உள்ளே. ரேழியைத் தாண்டி, காற்று மட்டும் தடையின்றிப் போய்வரும் இரும்புக் கிராதியைத் திறந்தால், ஆற்றுக் கூழாங்கற்களைச் செங்குத்தாகப் பதித்த தரையும், மூலையில் ஒரு கிணறும், சுண்ணாம்பு அடித்த சுவர் முழுதும் நீலம் பூசிய தொட்டிகளில் ஜெரேனியமும். முற்காலத்தில் பல ஏழைக் குடும்பங்கள் ஒரே முற்றத்தைச் சுற்றி ஆளுக்கோர் அறையில் குடியிருந்து, கிணற்றையும் துவைக்கும் தொட்டியையும் சமையலறையையும் பொதுவில் வைத்துக்கொண்டார்கள். சச்சரவும் பொதுவில்தான் இருந்திருக்கும். 1921-ல் நகரசபை முதன்முதலாக முற்றங்களுக்குப் போட்டி வைத்தது. 2012-ல் யுனெஸ்கோ இந்த விழாவை மானிடத்தின் கலாசாரச் செல்வங்களில் ஒன்றாக அங்கீகரித்தது. மே முதல் பாதியில் நடக்கும் அந்த விழாவில் ஜனத்திரள் வரிசையாக வந்து முற்றம் பார்த்துப் போகும். “நான் அந்த நாட்களில் என் வீட்டிலேயே விருந்தாளி” என்றார் அம்மாள்.

விழா ஓய்ந்தபின் இருந்ததால் அவர் தண்ணீர் விடும் வைபவத்தைச் சாவதானமாகப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. நீண்ட நாணல் கழியின் நுனியில் ஒரு தகரக் குவளையைக் கட்டி, அதில் தண்ணீர் மொண்டு, தலைக்கு மேல் இரண்டாள் உயரத்திலுள்ள தொட்டிக்குக் கொண்டுபோய், மணிக்கட்டை இலேசாகத் திருப்புகிறார். வேரில் விழுகிறதே தவிர இலையில் ஒரு துளி படுவதில்லை. அடுத்த தொட்டி, மறுபடியும் அடுத்த தொட்டி. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது; குழாய் வைத்துப் பீய்ச்சினால் என்ன என்று கேட்டதற்கு, “செடியை அடிப்பதற்கா?” என்று திருப்பிக் கேட்டார். சிந்திய நீர் கூழாங்கற்களின் இடுக்கில் நின்று ஆவியாகிற குளிர்ச்சியில், வெளியே அனலடிக்கும்போதும் அங்கே உட்கார்ந்து கடிதம் எழுத முடிந்தது.

மதியத்துக்கு அவர் செய்த சால்மொரேஹோ, பழுத்த தக்காளியும் முதல்நாள் ரொட்டியின் உட்சதையும் ஒரு பல் பூண்டும் உப்பும் மட்டுமே. முன்பு மர உரலில் இடித்தார்கள்; இப்போது மிக்ஸிதான். யந்திரம் சுழலச் சுழல ஆலிவ் எண்ணெயை நூலாக விட்டுக்கொண்டே வந்தால், சிவப்பு வெளுத்து இளஞ்செம்மஞ்சளாகி, கரண்டி நிற்கும் பதத்துக்கு வருகிறது. மேலே அவித்த முட்டையும் பன்றித் தொடைத் துண்டுகளும் தூவுவது சம்பிரதாயம். சைவனான எனக்காக அதை விலக்கிக் கொடுத்தவர், கூடவே கத்தரிக்காயை மெல்லிய வில்லைகளாகப் பொரித்துக் கருப்பஞ்சாற்றுப் பாகு ஊற்றி வைத்தார். பிறகு நித்திரை, அதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?

எட்டரை மணிக்குமேல்தான் ஊர் பிறக்கிறது. குவாதல்கிவிர் நதியின்மேலுள்ள ரோமானியப் பாலத்தில் குடும்பம் குடும்பமாக உலாவுகிறார்கள். சதுக்கங்களில் வசந்தகாலத்துக்கு மட்டும் முளைக்கும் கொட்டகைகளில் புதினா மணக்கும் சாற்றில் வெந்த நத்தைகளைக் கோப்பையில் தருகிறார்கள்; “நத்தை வேண்டாமென்றால் சாறு மட்டும் குடியுங்களேன்” என்று ஒருவர் என் தர்மசங்கடத்துக்குப் பரிகாரம் சொன்னார். மதுக்கடைகளில் மொந்தில்யா பிரதேசத்துத் திராட்சை மதுவை ‘மீடியோ’ என்று கேட்டு வாங்கி, ஒரு கண்ணாடிக் குவளையை முன்னால் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசுகிறார்கள். பழக்கமில்லாத நான் ஆலிவ் காய்களோடு திருப்தியடைந்தேன். பேச்சு எப்போதும் உறவினர், உத்தியோகம், வெயில். தத்துவஞானிகளான அவெர்ரோஸும் மைமோனிடஸும் பிறந்த ஊர் என்ற பெருமையை அந்நியனான நான்தான் இரண்டொரு முறை எடுத்துவிட்டேன், யாரும் பிடித்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊர்க்காரர்கள் ஊரிலேயே இருப்பதில்லை. அம்மாளின் மகன் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வடக்கே சியேரா மொரேனா மலைச்சாரலிலுள்ள லாஸ் வில்யாரெஸ் வனத்துக்குப் போனார். அங்கே கருவாலி மர நிழலில் குடும்பங்கள் அடுப்பு மூட்டிப் பெரிய இரும்புச் சட்டியில் அரிசி சமைக்கும் வனபோஜனத்துக்கு, அந்தச் சட்டியின் பெயரால் ‘பெரோல்’ என்றே பெயர். வாரம் முழுதும் அடுக்களைப் பக்கம் போகாத ஆண்கள் அன்று சமைக்கிறார்கள். அரிசியை எப்போது போடுவது என்பதில் மூன்று பேருக்கு நான்கு அபிப்பிராயம். எனக்காகச் சின்னச் சட்டி ஒன்றில் மாமிசமில்லாமல் தனியே வைத்திருந்தார்கள். தட்டு கிடையாது. ஆளுக்கொரு கரண்டி, முன்னே வந்து ஒரு வாய் எடுத்துக்கொண்டு, அடுத்தவருக்கு இடம் விட்டு ஓரடி பின்னே போக வேண்டும் என்பது பழைய முறை. என் சின்னச் சட்டியைச் சுற்றி நான் ஒருவனே முன்னேயும் பின்னேயும் போய்க்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, மகனின் சிறு பெண் தன் கரண்டியோடு வந்து எதிரே நின்றுகொண்டாள்.